பாட்டில் இல்லாத பந்தி

போன தை மாதம் திண்டுக்கல்லில் என் தங்கை கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு கரூர். முதல் நாள் இரவு வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், டிபன், மதியச் சாப்பாடு. ஆக மூன்று வேளைப் பந்தி, வேளைக்கு 700 பேர் என்று கணக்குப் போட்டோம். குப்பையை முடிந்த அளவு குறைத்துச் செய்ய வேண்டும் என்பது தங்கையின் ஆசை. ஆசைப்பட்டவள் மணமேடையில் உட்காரப் போகிறவள் என்பதால் வேலை எல்லாம் என்னிடம் வந்தது.

இதைக் கேள்விப்பட்டு என்னிடம் விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் விதைப் பத்திரிகை, அதாவது மண்ணில் போட்டால் முளைக்கிற அழைப்பிதழ், எங்கே கிடைக்கும், பாக்குமட்டைத் தட்டு என்ன விலை என்று ஆரம்பிக்கிறார்கள். எதை வாங்கலாம் என்ற கேள்வி. எனக்கு அங்கே நின்று பார்த்ததில் தெரிந்தது வேறு. மண்டபத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற ஒவ்வொரு சாமானும், முன்பு ஒரு ஆள் செய்துகொண்டிருந்த வேலையின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜக்கோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகிறவருக்குப் பதில் பாட்டில். டம்ளர் கழுவுகிறவருக்குப் பதில் பேப்பர் கப். மேசை துடைக்கிறவருக்குப் பதில் பேப்பர் ரோல். அந்தச் சாமான் வேண்டாம் என்றால் அந்த ஆள் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும். இதை வீட்டில் முதலிலேயே பேசி, பட்ஜெட்டில் கூலிக்கென்று ஒரு தொகையை எழுதி வைத்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டியவை சில உண்டு. வெளியிலிருந்து சமையல்காரரைக் கூட்டி வரலாமா, டெக்கரேஷன் அவர்கள் சொல்கிற ஆள்தானா, பாத்திரம் கழுவ இடம் எங்கே, அங்கே குழாயில் தண்ணீர் வருமா, சாப்பிட்ட இலை எங்கே போகிறது. கடைசிக் கேள்விக்கு ஒரு மண்டபத்தில் பதிலே கிடைக்கவில்லை. "அதெல்லாம் வண்டி வந்து எடுத்துக்கும்" என்றார்கள். எந்த வண்டி என்று கேட்டபோது மேனேஜர் என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். அந்த மண்டபத்தை விட்டுவிட்டோம்.

சமையல் ஒப்பந்தம் எங்கள் பக்கம் இரண்டு விதம். மளிகை, காய்கறி எல்லாம் நாமே வாங்கிக் கொடுத்து, மாஸ்டருக்கும் அவருடைய ஆட்களுக்கும் கூலி மட்டும் கொடுப்பது ஒன்று. இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுவது இன்னொன்று. இப்போது பலரும் இரண்டாவதற்குத்தான் போகிறார்கள். அலைச்சல் இல்லை, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இலை ரேட்டுக்குள் பாட்டில், கப், ரோல், ஐஸ்கிரீம், குச்சி குத்திய பீடா என்று எல்லாம் நாம் கேட்காமலேயே வந்துவிடுகின்றன. வேண்டாம் என்றால், "விட்டுடுங்க மேடம், ரேட்டு அதேதான்" என்கிறார்கள். அதோடு குறைந்தபட்சம் இத்தனை இலை என்று எழுதி வாங்குவார்கள். வந்தாலும் வராவிட்டாலும் அத்தனை இலைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த பிறகு குறைத்துச் சமைக்கச் சொல்ல யாருக்கு மனசு வரும்? காசு கொடுத்தாச்சு, ஆக்கட்டும் என்றுதான் தோன்றும்.

நாங்கள் முதல் வழியில் போனோம். சித்தப்பா பல வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர், பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே ரகம் சொல்லுவார். அப்படி ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் இலை ரேட்டே மேல். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்டுப் பட்டியல் வாங்குங்கள். பிறகு ஒவ்வொன்றாக அடிக்கலாம், அடித்த பணத்தைப் பரிமாறுகிற ஆட்களைக் கூட்டுவதற்குத் திருப்பலாம்.

பெரிய சண்டை தண்ணீர் பாட்டிலுக்குத்தான் நடந்தது. வேளைக்கு 700 என்றால் மூன்று வேளைக்கு 2,100 குட்டிப் பாட்டில்கள். பெட் (PET) எனும் இந்தப் பிளாஸ்டிக் பாட்டில் 2019-இல் தமிழ்நாடு தடைசெய்த 14 வகைப் பிளாஸ்டிக்கில் சேராது, அதனால் சட்டத்தைச் சொல்லிப் பெரியப்பாவை மடக்க வழியில்லை. "இலைக்கு இலை பாட்டில் வைக்கலேன்னா, கஞ்சத்தனம் பண்ணிட்டாங்கன்னு ஊரே பேசும்மா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாட்டில் இல்லாமல், கேட்ட நேரத்துக்குத் தண்ணீரும் வராமல், விக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பந்திகளை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அவரோடு சுற்றுச்சூழல் பேசவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் தண்ணீருக்கென்றே இரண்டு பையன்கள், அவர்கள் வேறு எதையும் தொடக்கூடாது, ஒரு ஜக்கில் சாதாரணத் தண்ணீர், இன்னொன்றில் சீரகம் போட்ட வெந்நீர் என்று ஏற்பாட்டைச் சொன்னேன். வெந்நீர் என்றதும் பெரியம்மா என் பக்கம் வந்துவிட்டார். வயதானவர்கள் பலருக்குப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறக்கவே முடிவதில்லை என்பதை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். பெரியப்பாவைப் பந்தி விசாரிக்க நிறுத்தினோம். "தண்ணி வந்துச்சா?" என்று அவரே இலை இலையாகக் கேட்டுக்கொண்டு போனார்.

குடிக்கிற தண்ணீருக்கு 20 லிட்டர் கேன்கள். காலி கேன் கடைக்கே திரும்பிவிடும். எவர்சில்வர் டம்ளரை வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்தோம். எத்தனை எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விருந்தாளிகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், ஒரு பந்தியில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று பாருங்கள். எங்கள் மண்டபத்தில் 200 பேர். மேசையில் 200, கழுவுமிடத்தில் 200, கழுவிக் கவிழ்த்து வைத்தது 200, மொத்தம் 600 டம்ளர். காபிக்குத் தனி. பேப்பர் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு, அது அந்த 14-இல் ஒன்று, ஆனாலும் எல்லா மண்டபத்திலும் கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. டபரா டம்ளரில் காபி கொடுத்ததற்கு ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கப்பை விடச் சூடாக இருந்தது என்று இரண்டாவது டம்ளர் கேட்டவர்கள்தான் அதிகம். பாலும் டிகாக்ஷனும் கொஞ்சம் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கழுவுவது. "நம்ம வீட்டுப் பொம்பளைங்க நாலு பேர் உட்கார்ந்தா முடிஞ்சது" என்று ஒரு குரல் வந்தது. அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தாலி கட்டுவதைப் பார்க்க வந்தவர்களைப் பின்கட்டில் உட்கார வைத்து டம்ளர் தேய்க்க விட்டுவிட்டு, பசுமைக் கல்யாணம் என்று பெருமை பேசுவதில் எனக்கு இஷ்டமில்லை. பேகம்பூர் பக்கமிருந்து பாத்திர வேலைக்குப் போகிற நான்கு பெண்களைப் பேசினோம். சமையல் ஆட்களுக்கு என்ன கூலியோ அதே கூலி. அவர்களுக்கு இரண்டாவது பந்தியிலேயே இலை போட்டோம். எல்லாம் முடிந்து அடியில் கிடக்கும் சாம்பாரோடு அவர்களை உட்கார வைக்கிற வழக்கத்தை நிறுத்த இது ஒரு நல்ல சாக்கு.

கழுவுகிற தண்ணீரும் வீண்தானே என்று என் மச்சான் கேட்டான். திண்டுக்கல்காரன் கேட்கக்கூடிய கேள்விதான். ஆத்தூர் காமராஜர் அணை நிறைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர் இது. குழாயைத் திறந்து விட்டுக் கழுவினால் அவன் சொல்வது உண்மை. நாங்கள் மூன்று அண்டா வைத்தோம். முதலில் அலசல், இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் சுடுதண்ணீர். மூன்றாவது அண்டாத் தண்ணீர் கலங்கினால் கீழே கொட்டாமல் முதல் அண்டாவுக்குப் போகும். குழாய்ப் பக்கமே போக வேண்டியதில்லை. இந்த யோசனை என்னுடையது இல்லை, அந்தப் பெண்களில் மூத்தவர் சொன்னது. லாரித் தண்ணீர் வாங்கிப் பழகிய வீடுகளில் வேலை செய்தவர்.

இலைக்கு வருகிறேன். வாழையிலை மக்கிவிடும், மாடும் தின்னும், அதனால் பிரச்சினையே இல்லை என்று நினைக்கிறோம். இலையை மூடும்போது உள்ளே என்ன போகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். பாதி குடித்த பாட்டில், ஐஸ்கிரீம் கப், பிளாஸ்டிக் ஸ்பூன், பீடா குத்தியிருந்த குச்சி, கை துடைத்த டிஷ்யூ. இலை எடுக்கிறவருக்கு அடுத்த பந்தி உட்கார்வதற்குள் மேசை காலியாக வேண்டும். அவர் பிளாஸ்டிக் கலந்த ரோலோடு சேர்த்து அப்படியே சுருட்டித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. சாம்பாரில் ஊறிய மூட்டையைப் பிரித்து எடு என்று தூய்மைப் பணியாளரிடம் சொல்வதற்கு நமக்கு வாயும் வரக்கூடாது. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, பக்கத்தில் விளக்கப் பலகை எல்லாம் கை கழுவுமிடத்தில் வைத்து ஒரு பயனும் இல்லை. குப்பை மேசையிலேயே கலந்துவிடுகிறது.

ஆகவே மேசைக்கு மக்காதது எதுவும் வரக்கூடாது என்ற ஒரே விதியை மட்டும் வைத்தோம். ஐஸ்கிரீம் போயிற்று. பாயசம் இலையிலேயே. அப்பளத்தையும் வாழைப்பழத்தையும் பிசைந்து இலையில் பாயசம் சாப்பிடுவது எங்கள் நெல்லைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரூர்க்காரர்கள் சிலர் அது ஓடுகிற திசையைப் பார்த்துத் திகைத்தார்கள். கேட்டவர்களுக்குக் கிண்ணத்தில் கொடுத்தோம். பீடாவுக்குப் பதில் வாசலில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு. மேசைக்கு ரோல் விரிக்கவில்லை, ஈரத்துணியோடு இரண்டு ஆட்கள். டிஷ்யூ வைக்காததற்கு முணுமுணுப்பு வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சோறு மிஞ்சுவதைப் பற்றி மாஸ்டரோடு நிறையப் பேசினேன். மதியச் சாப்பாட்டுக்கு 100 பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி என்பது அவர் கணக்கு. பதார்த்தம் கூடக் கூடச் சோறு குறைவாகத்தான் செலவாகும், ஆனால் யாரும் அரிசியைக் குறைக்க மாட்டார்கள், மிஞ்சுவது அங்கேதான் என்றார். கடைசி உலையை வைக்காமல் நிறுத்தி, கடைசிக்கு முந்தின பந்தியில் தலையை எண்ணிவிட்டுத்தான் அரிசி போட்டார். வாசலில் இன்னும் யார் யார் வர வேண்டும் என்று பார்த்துச் சொல்ல ஒரு மாமாவை நிறுத்தியிருந்தோம்.

அடுப்படியில் மிஞ்சுவதை விட இலையில் வீணாவது அதிகம். ஆட்கள் வந்து உட்கார்வதற்கு முன்பே இலை போட்டுப் பன்னிரண்டு ஐட்டத்தையும் வைத்துவிடுகிறார்கள். வருகிறவருக்குச் சர்க்கரை இருக்கிறதா, வாழைக்காய் பிடிக்குமா என்பது தெரியாது. வைத்ததை அவர் தொடவே மாட்டார். உட்கார்ந்த பிறகுதான் பரிமாற வேண்டும், கேட்டுத்தான் வைக்க வேண்டும், சின்னக் கரண்டியால் கொஞ்சமாக வைத்துவிட்டு மறுமுறை வர வேண்டும் என்று சொன்னோம். இதனால் ஒவ்வொரு பந்தியும் நீண்டது. பரிமாறும் ஆட்களைக் கூட்ட வேண்டியிருந்தது. குழந்தைகளுக்குச் சின்ன இலை போட்டது நல்ல ஏற்பாடாக இருந்தது. பெரிய இலையில் ஒரு வடையைப் பாதி கடித்துவிட்டு ஓடுகிற கூட்டம் அது.

மிஞ்சியதைக் கொடுக்க நினைத்தால் கல்யாணத்துக்கு முன்பே பேசி வையுங்கள். கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் இருக்கும் ஊரில் வேலை சுலபம். நாங்கள் ஒரு முதியோர் இல்லத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்தோம். அவர்கள் மதியம் எத்தனை மணிக்குள் வந்தால் தங்களுக்குப் பயன்படும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பரிமாறும் வாளியில் இருப்பதைக் கொடுக்கக்கூடாது, கரண்டி படாத பாத்திரத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். தயிர்சாதம் வேண்டவே வேண்டாம், சீக்கிரம் புளித்துவிடும். மாலை ஐந்து மணிக்குச் சாம்பாரை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது தானம் இல்லை, நம் குப்பையை அவர்கள் வீட்டில் கொட்டுவது.

மாட்டுக்குக் கொடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இலையை மாடு தாராளமாகத் தின்னலாம். சோற்றை அள்ளிப் போடக்கூடாது. அளவுக்கு மேல் சோறு தின்றால் இரைப்பையில் அமிலம் கூடி மாடு படுத்துவிடும், உயிரும் போகலாம். பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதனால் இலையில் கிடந்ததை ஒரு டிரம்மில் வழித்துவிட்டு, இலையை மட்டும் இரண்டு மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்தோம். மீதி இலையும் சோறும் ஆத்தூர்ப் பக்கம் மாமாவின் தென்னந்தோப்புக்குப் போயின. சோற்றை மொத்தமாகக் கொட்டினால் நாற்றமெடுக்கும், நாய் கிளறும். காய்ந்த மட்டையும் சருகும் ஒரு அடுக்கு, மேலே மெல்லிசாகச் சோறும் இலையும், அதற்கு மேல் சாணிக் கரைசல், அப்புறம் மண் என்று குழியில் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இதற்கும் ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, ஒரு நாள் கூலி. தோப்பு இல்லாதவர்கள் மாநகராட்சியின் உரக்கிடங்கில் முன்னதாகவே பேசிப் பாருங்கள். 2016-ஆம் வருடத் திடக்கழிவு விதிகளிலேயே, உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடுகிற நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் செய்கிறவர்கள் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

தாம்பூலப் பையில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் துணிப்பை என்று சொல்லி விற்கிற, தொட்டால் மொரமொரப்பாக இருக்கும் நான்வோவன் பை துணியே இல்லை, பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். அதுவும் அந்த 14 வகைத் தடையில் இருக்கிறது. எங்களுக்கு மாப்பிள்ளை வீடு கரூராக அமைந்தது வசதியாயிற்று. ஜவுளி ஊர், சம்பந்தி அம்மாவே பருத்திப் பைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். நல்ல மஞ்சள் நிறம், நீளமான கைப்பிடி. அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதிலிருந்து அதைக் கையில் பிடிக்க யாரும் கூச்சப்படுவதில்லை. மணமக்கள் பெயரைப் பையின் அடியோரத்தில் சின்னதாக அச்சடித்தோம். முகம் அச்சிட்ட பையைத் தூக்கிக்கொண்டு யாரும் கறிக்கடைக்குப் போவதில்லை. உள்ளே தேங்காய், வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு. ஆளுக்கு ஒன்று என்றில்லாமல் குடும்பத்துக்கு ஒன்று.

மரக்கன்று கொடுங்கள் என்று தங்கையின் தோழிகள் ரொம்பவே சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் நிற்கிற கன்றை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போகிறவரை நினைத்துப் பாருங்கள். வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில் அவர் வேம்பை எங்கே நடுவார்? வேறு கல்யாணங்களில் மண்டபத்துத் தூணோரம் விட்டுவிட்டுப் போன கன்றுகளைப் பார்த்திருக்கிறேன். இடம் இருக்கிறது, வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பிறகு நர்சரியிலிருந்து வாங்கிக் கொடுத்தோம். சிலர்தான் கேட்டார்கள்.

அலங்காரத்துக்கு ஒரே கேள்வி போதும். டெக்கரேஷன்காரர் ஆல்பத்தை விரிக்கும்போது, "இதில் எதெல்லாம் உங்கள் குடோனுக்குத் திரும்பிப் போகும்?" என்று கேளுங்கள். துணித் திரை, இரும்பு ஃப்ரேம், பித்தளை விளக்கு, உருளி எல்லாம் திரும்பிப் போகும். தெர்மாகோலில் வெட்டிய பெயர் போகாது. அலங்காரத் தெர்மாகோல் 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கத் தடை, ஆனாலும் ஆல்பத்தில் இருக்கிறது. பூக்களைக் குத்தி வைக்கிற அந்தப் பச்சை நிற ஸ்பாஞ்சும் மக்காத பிளாஸ்டிக்தான். திரும்பிப் போகாததை எல்லாம் அடித்துவிட்டு, வாசலுக்கு வாழைமரம், கூந்தப்பனை, இளநீர்க் குலை, தென்னங்குருத்துத் தோரணம் என்று முடித்தோம். தோரணம் பின்னத் தெரிந்தவர் கிடைப்பதுதான் கஷ்டம், ஆள் கிடைத்தால் கேட்ட கூலியைக் கொடுத்துவிடுங்கள். மாலைக்குப் பூக்கடையில் நாரில் கட்டுங்கள், ஜிகினாவும் பிளாஸ்டிக் மணியும் வேண்டாம் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை. 2019-இல் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணத்துக்கு வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகும் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நடுரோட்டில் பேனர் கட்ட எப்படிக் கை வரும் என்று எனக்குப் புரியவில்லை. மாமா பையன்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பத்திரிகை நேரில் வைத்து அழைக்க வேண்டியவர்களுக்கு மட்டும். லேமினேஷனும் பொன் ஃபாயிலும் இல்லாத சாதாரண அட்டை, நாலு மூலையிலும் மஞ்சள். மற்றவர்களுக்குப் போனில் கூப்பிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். கரூரிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு பேருந்துகளில் வந்தார்கள். கார் வரிசை குறைந்ததில் மண்டபத்துக்காரருக்குத்தான் ரொம்ப சந்தோஷம்.

எங்கள் கையில் இல்லாததும் இருந்தது. பரிசுப் பொருள் வேண்டாம் என்று சொல்லியும், பளபளக்கும் தாளில் சுற்றிய டின்னர் செட்டுகள் வந்து குவிந்தன. மொய் நோட்டு எழுதுகிற பழக்கத்துக்கு இந்த ஒரு விஷயத்தில் கும்பிடு போடலாம். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஜிகினாத் துண்டுகளை வெடிக்கிற குழாயோடு வந்து மேடையில் வெடித்தார்கள். அதைப் பொறுக்குவதற்கே ஒரு பெருக்குமாறும் அரை மணி நேரமும் ஆயிற்று.

பணம் மிச்சமாயிற்றா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆகவில்லை. பாட்டில், கப், ஐஸ்கிரீம், தெர்மாகோல் இதற்கெல்லாம் போகாத பணம் முழுக்கக் கூலியாகப் போயிற்று, கையிலிருந்து கொஞ்சம் சேரவும் செய்தது. டம்ளர்களில் சில காணாமல் போயின, வாடகைக் கடைக்காரர் முன்பணத்தில் கழித்துக்கொண்டார். ஆவணியில் சித்தப்பா மகன் கல்யாணம் வருகிறது. அந்த நான்கு பெண்களையே மறுபடி கூப்பிட்டிருக்கிறோம். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கிறார்கள். குனிந்தே கழுவி இடுப்பு போய்விட்டது, இந்த முறை அண்டாவைத் தூக்கி வைக்க மேடையும் உட்கார முக்காலியும் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா பட்டியலில் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டார்.